மச்சாள், அவன் வாயிலும் வசனம் போட்டேன்

என் உயிரான மச்சாள் சாந்தினிக்கு,

உன்னைக் கொண்டுபோனது நோய். நோயோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு முகம் இல்லை, விலாசம் இல்லை, பொன்னாடை ஆசை இல்லை. ஆனால் நீ மூச்சு விட்டுக்கொண்டு இருக்கும்போதே உன் வாயில் தன் வசனத்தைப் போட்டு ஊருக்கு விற்றானே ஒருவன், அவனுக்கு இவை எல்லாம் இருந்தன. அவனுக்கு நான் செய்ததை உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

அவன் பெயரை மட்டும் இங்கே எழுதமாட்டேன். பெயர்தான் அவனுடைய சாப்பாடு. ஒரு இணையத்தளம், ஒரு காணொளித் தளம், கழுத்தில் தொங்கும் ஓர் அட்டை, இவ்வளவையும் வைத்துக்கொண்டு தன்னை ‘ஆசிரியர்’ என்று அழைக்கச் சொன்னவன். இந்தக் கடிதத்திலும் அவன் ஆசிரியராகவே இருக்கட்டும். ஒருவருக்கும் ஒன்றும் படிப்பிக்காத ஆசிரியர்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள். நீ என் அண்ணையின் மனைவியாக ஜேர்மனிக்கு, இந்தக் கார்ல்ஸ்ரூஹே நகரத்துக்கு வந்தவள். உனக்கும் எனக்கும் ஒரே வயது. நான் சிறுபிள்ளையில் இங்கே வந்து, இங்கேயே படித்து, காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் கடையில் வேலை செய்கிறவள். நீ வந்தபோது உனக்கு ஜேர்மன் மொழியில் ஒரு சொல் தெரியாது. வகுப்புக்குப் போக அண்ணை விடவில்லை. “வீட்டில இருக்கிறவளுக்கு என்னத்துக்கு டொச்?” என்றார். (இன்னும் அவருக்கு மரியாதை விகுதி போட்டுத்தான் எழுதுகிறேன். வளர்ப்பு அப்படி.)

நீ தொலைக்காட்சியிடம் படித்தாய். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படங்கள் போகும், ஜேர்மன் குரல் போட்டு. பத்திரிகைக் காரியாலயங்களில் நடக்கும் அந்தப் பைத்தியக்காரச் சிரிப்புப் படங்கள்தான் உனக்குப் பள்ளிக்கூடம். பணக்காரப் பெண் வீட்டை விட்டு ஓடுவாள். ஒரு நிருபன் துரத்துவான். ஆசிரியர் ஒரே பொய்யை மூன்று தொலைபேசிகளில் மூன்று விதமாகச் சொல்லுவார். யாரும் மூச்சு விடாமல் பேசுவார்கள். நீயும் மூச்சு விடாமல் ஜேர்மன் பேசப் பழகினாய். வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசா தாமதமானபோது அந்த அதிகாரியிடம், “என் அன்பான ஐயா, இந்தக் கதை நாளைக்கு முதற்பக்கத்தில் வரும்!” என்று கையை ஆட்டிச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு அது எங்கள் குசினி விளையாட்டானது. படத்தின் சத்தத்தை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் நீயே யாழ்ப்பாணத் தமிழில் பேசுவாய். நான் வெங்காயம் உரித்தபடி கேட்பேன். ஆசிரியர் நிருபர் பெண்ணிடம் சொல்லுவார்: “எடியே, உன்ர கலியாணம் எங்கையும் ஓடாது. நெருப்புப் பிடிச்ச வீடு அணைஞ்சிடும், கெதியா ஓடு!” அவள் சொல்லுவாள்: “மாப்பிள்ளையும் அந்த வீட்டுக்கதான் நிக்கிறார், சேர்!” உண்மையில் படத்தில் அவர்கள் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். யாருக்குத் தெரியும்?

தேவாலய மண்டபத்தில் பழைய படங்கள் காட்டும் ஜேர்மன் முதியவர்களிடம் போய் நான்தான் உனக்காகக் கேட்டேன். ஞாயிறு பின்னேரம் மண்டபத்தைத் தந்தார்கள். முதல் நாள் எங்கள் சொந்தக்காரப் பெண்கள் மட்டும் வந்தார்கள். அடுத்த தடவை கதிரை போதவில்லை. பிறகு பிறகு வால்டோர்ஃப் நகரத்துக்கு மென்பொருள் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் காரில் வந்தார்கள். ஒருத்தி உன் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, பாதி புரியல. ஆனா சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. செம டைமிங்!” என்றாள். நீ என்னிடம் திரும்பி, “மிச்சப் பாதி விளங்கியிருந்தால் ஆளை ஆஸ்பத்திரிக்கு ஏத்தியிருக்கவேணும்” என்றாய்.

இரண்டாவது தடவை படம் காட்டிய அன்றுதான் அண்ணை உனக்கு அறைந்தது. மண்டபத்துக்கு வெளியே, வாகனத் தரிப்பிடத்தில், எல்லாரும் பார்க்க. “ஊருக்கு முன்னால கோமாளி வேசம் போடுறியோ?” என்று கேட்டார். நான் பார்த்தேன். உன் மகள் மதுராவும் பார்த்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். நீ கன்னத்தைக் கூடத் தடவவில்லை. வீட்டுக் கதவின் திறப்பை அவர் கையில் வைத்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் காரில் ஏறினாய். “மச்சாள், காரை எடு” என்றாய். அவ்வளவுதான். அன்றிலிருந்து நீயும் மதுராவும் என் வீட்டில். விவாகரத்து அண்ணையோடு மட்டும்தான் நடந்தது. என்னோடு நடக்கவில்லை.

ஒரு நாள் உன்னிடம் கேட்டேன், இந்தப் படங்களில் வரும் பத்திரிகைக்காரர் எல்லாரும் கள்ளர்களாக இருக்க, ஏன் எங்களுக்கு அவர்களில் கோபம் வருவதில்லை என்று. நீ யோசிக்கவே இல்லை. “படம் எடுத்தவனுக்கு அவங்களில விருப்பம். திட்டுற மாதிரித் திட்டிக் கடைசியில பெட்டையையும் குடுத்து அனுப்புறான். ஒருத்தனும் தண்டனை வாங்குறேல்லை, கவனிச்சனீயோ?” என்றாய். நான் கவனித்திருக்கவில்லை. இப்போது வேறு எதையும் கவனிக்க முடியவில்லை.

ஆசிரியர் வந்தது அந்தக் காலத்தில். ஒரு காணொளி எடுத்துப் போட்டான். ‘ஜேர்மன்காரரை வாயடைக்க வைத்த யாழ்ப்பாணத்துப் பெண்!’ மண்டபத்தில் அன்று இருந்த ஜேர்மன்காரர் இரண்டு பேர். ஒருவர் நித்திரை. ஆனால் காணொளி ஓடியது. ‘நகைச்சுவை அரசி’ என்று பட்டம் வைத்தான். உன்னைச் சினிமாவுக்கு அழைத்திருக்கிறார்கள் என்று அடுத்த கிழமை ஒரு பொய். கனடாவில் இருந்து ஆட்கள் தொலைபேசி எடுத்தார்கள். தமிழ்க் கடையில் உன்னோடு நின்று படம் எடுத்தார்கள். நீ அதை ரசித்தாய், மச்சாள். மறுக்காதே. கறிவேப்பிலை வாங்கப் போகும்போதும் உதட்டுச் சாயம் போட்டாய். நான் கிண்டல் செய்தேன். அறை வாங்கிய கன்னத்தை ஊரே பார்த்து மெச்சுவதில் உனக்கு ஒரு கணக்குத் தீர்ந்தது என்று எனக்கும் தெரியும்.

இப்படி ஆறேழு வருடம் ஓடியது. பிறகு உன் தொண்டை.

அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. வைத்தியர் குரலையும் எடுக்கவேண்டும் என்று சொன்னபோது நீ கேட்டது ஒரே கேள்விதான்: “எடுத்தால் எங்க வைப்பினம்?” சத்திரசிகிச்சைக்கு முந்திய நாள் ஆசிரியர் பூச்செண்டோடு வைத்தியசாலைக்கு வந்தான். நான் தாதியோடு பேசப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவன் போய்விட்டான். “என்ன கேட்டவன்?” என்றேன். “வெளிச்சம் காணாது, யன்னல் பக்கம் திரும்புங்கோ எண்டவன். வேற ஒண்டும் கேக்கேல்லை” என்று கரகரத்தாய்.

அடுத்த கிழமை அந்தச் செய்தி வந்தது. உன் கழுத்தில் குழாய் இருந்தது, குரல் இருக்கவில்லை. என் கைத்தொலைபேசியில் நீயே அதை வாசித்தாய்: ‘“என் கணவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவர் மடியில் உயிர் போகவேண்டும்!” மரணப் படுக்கையில் நகைச்சுவை அரசியின் இறுதி வார்த்தைகள்!’ உன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாய் என்று நினைத்து நானும் சிரிக்கத் தொடங்கினேன். நீ சிரிக்கவில்லை. வெள்ளைப் பலகையை இழுத்து எழுதினாய்: ‘நான் இன்னும் சாகேல்லை. அதுக்குள்ள கடைசி வசனமோ?’ அதை அழித்துவிட்டு அடுத்தது: ‘மன்னிப்போ? நானோ?’ எழுத்துக்கோல் பலகையைக் கிழித்துவிடும் போல இருந்தது.

நான் அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“தம்பி, அவ அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. செய்தியை எடுத்துவிடுங்கோ.”

“எடுக்க ஏலாது அக்கா. நல்லா ஓடிக்கொண்டிருக்கு. சனம் அழுகுது.”

“பொய்யைக் கேட்டு அழுகுது.”

“அழுகை உண்மைதானே? சரி, நீங்கள் ஒரு மறுப்புத் தாங்கோ. அதையும் போடுறன்.”

போட்டான். ‘சாகும் தறுவாயிலும் தணியாத கோபம்! கணவரை மன்னிக்க மறுத்த நகைச்சுவை அரசி!’ பழைய செய்தியையும் எடுக்கவில்லை. ஒன்றுக்குக் கீழே ஒன்று, இரண்டும் ஓடின. மேலே மன்னிப்புக் கேட்டாய், கீழே மன்னிக்க மறுத்தாய், நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம். படத்தில் இப்படி ஒரு காட்சி வந்து, நீ குரல் கொடுத்திருந்தால், நான் கதிரையில் இருந்து விழுந்து சிரித்திருப்பேன். அந்த வகைப் படங்களில் சாகப்போகிறாள் என்று ஊரே அழும் பெண் கடைசியில் திடகாத்திரமாக எழும்பி நிற்பாள். நீ எழும்பவில்லை.

அண்ணை முதற்செய்தியை மட்டும் நம்பினார். இரண்டாவது என்னுடைய வேலை என்று சொல்லித் திரிந்தார். ஆரஞ்சுப் பையோடு வைத்தியசாலைக்கு வந்து, “சாந்தி, நீ சொன்னதை வாசிச்சனான்” என்று கட்டில் ஓரத்தில் இருந்து அழுதார். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். குரல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அவர் போனபிறகு ஆரஞ்சுப் பையைக் காலால் தள்ளிவிட்டாய். அந்தக் கால்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

உன் செத்தவீட்டுக்குக் கமரா முக்காலியோடு வந்தான் ஆசிரியர். முன்வரிசையில் வேட்டியோடு அண்ணை. நான் உன் தலைமாட்டில் இருக்கப் போனபோது ஒரு பெரியவர் கையைப் பிடித்து, “பிள்ளை, அது புருசன்ர இடம். செய்தியில வாசிக்கேல்லையோ?” என்றார். நான் பின்னால் போய் நின்றேன். உனக்குத் தலை வாரி இழுத்தவள், வாய் துடைத்தவள், கடைசி வரிசையில் நின்றேன். கமரா அண்ணையின் முகத்துக்குப் போனது, உன் முகத்துக்குப் போனது, பிறகு தன் பக்கம் திரும்பியது. ஆசிரியர் அழுதான். அழுதுகொண்டே ஒரு தடவை வெளிச்சம் இருக்கும் பக்கத்துக்கு நகர்ந்து நின்று மறுபடியும் அழுதான். நான் பார்த்தேன். அந்தக் கணத்தில்தான் முடிவெடுத்தேன்.

முதலில் சட்டத்தால் பார்த்தேன். வழக்கறிஞர் அம்மா ஒருவரிடம் போனேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது உனக்குப் பிடிக்கும்: ஜேர்மன் சட்டப்படி கலியாணம் முறிந்தாலும் மச்சாள் உறவு முறியாதாம். பார்த்தாயா? ஆனால் செத்தவர் பெயரில் பொய் வந்தால் அதை எதிர்த்து நிற்கும் உரிமை பிள்ளைக்குத்தான் முதலில், மச்சாளுக்கு அல்ல என்றார். மதுரா கையெழுத்து வைக்கவேண்டும்.

மதுரா வைக்கவில்லை. அவளைக் குறை சொல்லாதே. ஆஹென் நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, வகுப்பில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் அந்தச் செய்தியைப் பார்த்திருந்தார்கள். “மாமி, எனக்குத் தெரியும் அம்மா அப்பிடிச் சொல்லேல்லை எண்டு. ஆனா இன்னொருக்கா அதைக் கிளற எனக்கு ஏலாது. விடுங்கோ, பிளீஸ்” என்றாள். அதன்பிறகு நான் எடுத்தாலும் அவள் தொலைபேசியை எடுப்பதில்லை.

அவள் விட்டாள். நான் விடவில்லை.

ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். குரலில் தேன் ஊற்றிக்கொண்டு பேசினேன், மச்சாள். நீ இருந்திருந்தால் கைதட்டியிருப்பாய்.

“மச்சாளின்ர ஆட்டைத் திவசம் வருது. ஞாபகார்த்தமா மண்டபத்தில ஒரு படம் காட்டுறம். அவவை உலகத்துக்குத் தெரியப்படுத்தினது நீங்கள். நீங்கள்தான் பிரதம விருந்தினர்.”

“ஐயோ அக்கா, நான் சின்ன ஆள்.” அடுத்த மூச்சிலேயே, “பொன்னாடை இருக்கோ?”

“இருக்கு.”

“நேரலை செய்யலாமோ?”

“கட்டாயம் செய்யவேணும்.”

அந்த மாதம் முழுக்க வேலை முடிந்து வந்து அவனுடைய காணொளிகளைப் பார்த்தேன். அவன் எங்கே மூச்சு எடுக்கிறான், எங்கே உதட்டை நனைக்கிறான், எங்கே கண்ணை மூடுகிறான், எல்லாம் பாடம். சத்தத்தை நிறுத்தி, நிறத்தை எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கினேன். என் குரல் உன்னுடையது மாதிரி இல்லை. ஆனால் ஆத்திரம் நல்ல பயிற்சி தரும்.

அண்ணையையும் அழைத்தேன். ஏன் என்று கேட்காதே. இல்லை, கேள். அவரும் பார்க்கவேண்டும் என்று விரும்பினேன். அவ்வளவுதான் காரணம்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஆசிரியர் புதுக் கோட்டில் வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் முக்காலியை நிறுத்தி, நேரலையைத் தொடங்கிவிட்டு, முன்வரிசையில் நடுக்கதிரையில் இருந்தான். நான் பொன்னாடை போர்த்தினேன். சனம் கைதட்டியது. விளக்கை அணைத்தோம்.

திரையில் வந்தது வைத்தியசாலை நடைபாதை. ஒலிவாங்கியோடு ஆசிரியர். தன் முகத்தைக் கண்டதும் அவன் சந்தோசமாக நிமிர்ந்து இருந்தான். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று பேசத் தொடங்கினேன்.

“வணக்கம் உறவுகளே! எனக்குப் பின்னால இருக்கிற கதவுக்கு அங்கால ஒரு மனிசி செத்துக்கொண்டிருக்கிறா. நான் கேட்டுப் பார்த்தன், இண்டைக்கு முடியுமோ நாளைக்கோ எண்டு. டொக்டர் சொல்லமாட்டன் எண்டிட்டார். ஊடக சுதந்திரத்துக்கு எவ்வளவு தடை பாருங்கோ!”

முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு பாதி மண்டபம். அவர்களுக்கு விளங்கத் தொடங்கியது. ஆசிரியர் திரும்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. திரையில் அவன் வாய்க்குள் இருந்தேன்.

“அவவுக்குக் கடைசி வசனம் நானே எழுதிக்கொண்டு வந்திட்டன். அவவுக்குக் குரல் இல்லை, பாவம். உதவி செய்யிறது எங்கட கடமை. மன்னிப்பு எண்டு போட்டால் பெண்கள் அழுவினம். மடியில உயிர் போகவேணும் எண்டு போட்டால் ஆம்பிளையளும் அழுவினம். நடுவில நகைக்கடை விளம்பரம். அதுக்கு ஒருத்தரும் அழமாட்டினம், வாங்குவினம்!”

சிரிப்பு மண்டபத்தைத் தூக்கியது. அடுத்தது உன் செத்தவீடு. சிரிப்பு சட்டென்று நின்றது. பெட்டி, பூ, அண்ணை, பிறகு ஆசிரியரின் அழுமுகம். நான் மெல்லப் பேசினேன்: “ஐயோ அக்கா, போயிட்டியளே... பொறுங்கோ. இஞ்ச வெளிச்சம் காணாது.” திரையில் அவன் நகர்ந்தான். “ஓம், இஞ்ச நல்லம். ஐயோ அக்கா, போயிட்டியளே!” யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு பெண் சத்தமாக, “சீ!” என்றாள். அந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தான் நான் ஒரு மாதம் பாடுபட்டேன்.

ஆசிரியர் எழும்பிப் பின்பக்கம் முக்காலியை நோக்கிப் போனான். கதிரைகளுக்கு நடுவில் வழி இல்லை. ஒருவரும் காலை மடக்கி வழி விடவில்லை. நேரலை ஓடிக்கொண்டே இருந்தது, அவனுடைய தளத்தில், அவனுடைய பெயரில். நான் விளக்கைப் போட்டேன்.

“ஆசிரியர், ஒரே ஒரு கேள்வி. மச்சாள் உங்களுக்கு அந்த வசனத்தை எப்ப சொன்னவ?”

“இதென்ன அக்கா, கூப்பிட்டு வைச்சு அவமானப்படுத்துறியளோ?”

“ஓம். எப்ப சொன்னவ?”

அவன் சனத்தைப் பார்த்தான். சனம் அவனைப் பார்த்தது. “அது... வாயால சொல்லேல்லை. அவவின்ர கண்ணில தெரிஞ்சது. ஒரு ஊடகவியலாளனுக்கு அது விளங்கும்.”

“கண்ணில தெரிஞ்சதை வாயால சொன்னதெண்டு எழுதினீங்கள்.”

அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அந்த வெற்று வாய்க்கு நான் குரல் கொடுக்கவில்லை. சும்மா விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா?

அப்போது இரண்டாவது வரிசையில் அண்ணை எழும்பினார். பொன்னாடையோடு நின்றவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “அப்ப அவள் என்னைக் கேக்கேல்லையோ?”

“இல்லை அண்ணை.”

“ஒருக்காலும்?”

“ஒருக்காலும் இல்லை.”

அவர் மேலங்கியை எடுத்துப் பிழையான கையில் கையைவிட்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு போனார். அந்த ஒரு வருடமும் அந்தப் பொய்யைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குப் பாவமாக இருந்ததா? இருந்தது என்று எழுதினால் நல்ல தங்கச்சி என்று பெயர் வரும். இருக்கவில்லை, மச்சாள். வாகனத் தரிப்பிடத்தில் நீ நின்ற நிலைதான் கண்ணில் வந்தது.

ஆனால் கேள், உன் படங்களைப் போலவேதான் பிறகு நடந்தது. இரண்டு நாளில் ஆசிரியர் ஒரு மன்னிப்புக் காணொளி போட்டான். கறுப்புச் சட்டை, மெல்லிய வீணை, கண்ணீர். ‘நானும் மனிதன்தானே!’ அது அவனுடைய மற்ற எல்லாக் காணொளிகளையும் விட அதிகமாக ஓடியது. ‘அண்ணா, நீங்கள் பெரிய மனசுக்காரன்’ என்று கீழே எழுதினார்கள். உன் பொய் வசனம் அப்படியே தளத்தில் கிடந்தது. நான் கைத்தொலைபேசியைச் சுவரில் எறிந்தேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருத்தனும் தண்டனை வாங்குவதில்லை என்று நீ சொன்னாய்தானே என்று குசினியில் தனியே நின்று கத்தினேன்.

அடுத்த நாள் மதுரா என் வாசலில் நின்றாள். ஆஹெனில் பேருந்துக்குள் இருந்து அந்த நேரலையைப் பார்த்திருக்கிறாள். இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டி, கடைசித் தரிப்பு வரை போய்விட்டாளாம். உன்னைப் போலவே சுற்றி வளைக்காமல் கேட்டாள்:

“மாமி, அந்த வழக்கறிஞரைச் சந்திக்க ஒரு டெர்மின் எடுக்கலாமோ?”

“நீ ஏலாது எண்டனீ.”

“அவன் ‘கண்ணில தெரிஞ்சது’ எண்டு சொன்னவன். அம்மாவின்ர கண்ணைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?”

மண்டபத்தில் அவன் வாயாலேயே சொன்னது, அவனுடைய கமராவே பதிந்தது, வழக்கறிஞருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. கடிதம் போனது. பதில் வரவில்லை. இன்னொன்று போனது, நீதிமன்றத்தின் பெயரோடு. செய்தி இரண்டும் இறங்கின. அவை இருந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், மதுரா எழுதிக்கொடுத்ததை அவன் போடவேண்டி வந்தது. தலைப்பு வைக்க அவனுக்கு அனுமதி இல்லை. ‘இங்கே என் அம்மா சொன்னதாக வந்த வார்த்தைகள் அவருடையவை அல்ல. அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மதுரா.’ அவ்வளவுதான். அவன் தளத்தில் வந்த ஒரே உண்மைச் செய்தி என்று நான் சொன்னேன். அவள் சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு.

நகைக்கடைக்காரர் விளம்பரத்தை எடுத்துவிட்டார். கலியாண மண்டபக்காரரும் எடுத்தார். தளம் இப்போது அசைவதில்லை. அவன் வேறு நகரத்துக்குப் போய்க் கலியாண வீடுகளுக்குக் காணொளி எடுக்கிறானாம். மணமக்களுக்கும் தானே வசனம் எழுதுகிறானோ? மறுபடி ஒரு நாள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவானோ? வரட்டும். ஒலிவாங்கி என்னிடம் இருக்கிறது. படம் காட்டுவதை நாங்கள் நிறுத்தவில்லை. நான் குரல் கொடுக்கிறேன், சுமாராக. படத்தில் குடிகார வேலைக்காரன் வந்தால் மட்டும் மதுரா ஒலிவாங்கியைப் பறித்துவிடுகிறாள்.

போன கிழமை தமிழ்க் கடையில் ஒரு பெண் என்னை மறித்தாள். நல்ல மனிசி, உன்னோடு நின்று படம் எடுத்தவள். கையில் கைத்தொலைபேசி, கண்ணில் உண்மையான கண்ணீர்.

“அக்கா, அவன் எழுதினது பொய் எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும். அப்ப உண்மையில அவ கடைசியா என்ன சொன்னவ? நீங்கள்தானே பக்கத்தில இருந்தனீங்கள்?”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கடைக்காரர் பையில் போட்ட புளியைப் பிடித்தபடியே நின்றார்.

அந்த விடியற்காலையில் நீ என் மணிக்கட்டைப் பிடித்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாய். காது கேளாதவர்களோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்தவள் நான். ஒரு எழுத்துத் தவறாமல் எனக்கு விளங்கியது.

“தங்கச்சி, முருங்கைக்காய் வந்திட்டுதோ?” என்று அவளிடம் கேட்டேன். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. எனக்குக் கவலை இல்லை.

அவளுக்கும் சொல்லமாட்டேன். அண்ணைக்கும் சொல்லமாட்டேன். இதை இவ்வளவு தூரம் வாசித்து வந்து, இப்போதாவது சொல்லுவாள் என்று காத்திருப்பவர்களுக்கும் சொல்லமாட்டேன். மதுரா கேட்டால், அவளுக்கு மட்டும், அவள் காதுக்குள். இனி உன் வாயில் ஒருவரும் வசனம் போடமுடியாது, மச்சாள். நீ சொன்னதையும் நான் ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். சத்தியம்.

உன்னை விட்டுக்கொடுக்காத மச்சாள்,
வதனி
கார்ல்ஸ்ரூஹே